எலி நைனா பார்த்தது

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எலி நைனா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதை ஒட்டி டாக்டருக்குப் படிக்கிற கல்லூரி. அங்கே ஆராய்ச்சிக்கு வெள்ளை எலி வளர்த்தார்கள். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, செத்ததை எடுத்துப் போடுவது அவர் வேலை. காலையில் திருத்தணி ஸ்டேஷனில் ரயில் ஏறுவார். சாயங்காலம் இறங்குவார். காக்கி அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி, கையில் சோற்றுத் தூக்கு. பக்கத்தில் வந்தால் பினாயிலும் எலி மூத்திரமும் கலந்த ஒரு நெடி அடிக்கும். குளித்தாலும் போகாது.

நைனா என்பதற்கு உறவு ஒன்றும் கிடையாது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு. வயசானவர் எல்லாரும் நைனாதான்.

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். ஐந்தாவது வரை படித்தேன். தறிச் சத்தத்தில் பேச முடியாது. பேசிப் பழக்கமும் போய்விட்டது. இதை எழுதுவதற்கு எனக்குப் பல மாதம் ஆயிற்று.

அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வார். பார்க்காததைச் சொல்ல மாட்டார். உயிரே போனாலும் சொல்ல மாட்டார். போயிற்று. போனது அவர் உயிர் இல்லை.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அவரை வைத்து விளையாடுவார்கள்.

"இன்னா நைனா, வண்டி டைமுக்கு வந்துடுமா?"

"நேத்து வந்துது."

"இன்னிக்கு?"

"இன்னும் பாக்கலை."

"மழை வருமா, அதையாவது சொல்லு."

"மலைக்குப் பின்னால கறுப்பா கீது."

"கறுப்பா இருந்தா வரும்தானே?"

"கறுப்பா கீது."

டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் சிரிக்க மாட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். கடையில் டம்ளர் கழுவி வைக்கிற ஒரே ஆள் அவர். கூண்டு கழுவின கை.

ஒரு தடவை தெருவில் கோழி காணாமல் போயிற்று. எதிர் வீட்டுப் பையன்மேல் பழி. பஞ்சாயத்தில் இவரைச் சாட்சி கூப்பிட்டார்கள். "அவன் செவுரு ஏறினதைப் பாத்தேன்" என்றார். "கோழியைத் தூக்கினானா?" என்றார்கள். "ஏறினதைப் பாத்தேன். எறங்கறதுக்குள்ள ரயிலுக்கு டைம் ஆயிடுச்சு." கோழிக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். பையனின் அப்பனும் திட்டினான். இரண்டு பக்கமும் இவரிடம் ஒரு மாதம் பேசவில்லை.

அவர் சம்சாரம் குழாயடியில் சொல்லும். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, மாப்ள, பொண்ணு புடிச்சிருக்குதான்னு. இந்த மனுசன் இன்னா சொன்னாருன்ற? மொகத்தைப் பாத்தேன், காலைப் பாத்தேன், இன்னும் குணத்தைப் பாக்கலைன்னாரு. எங்கப்பா குடத்தால அடிக்க வந்துட்டாரு."

இன்னொரு பழக்கமும் உண்டு. யாரையும் முதலில் பின்பக்கமிருந்து பார்ப்பார். பேச வந்தால்கூட ஒரு நிமிஷம் முதுகுக்குப் பின்னால் நிற்பார். பெண்கள் திட்டியிருக்கிறார்கள். ஏன் அப்படி என்று ஒரு நாள் கேட்டேன். எலிக்கு உடம்பு கெட்டால் முதலில் முதுகில்தான் தெரியும் என்றார். கூன் விழும், மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எலி முகம் சாகிறவரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

என் தங்கை அம்சா. எனக்கு ஏழு வயசு இளையவள். அப்பா போன பிறகு அம்மா, நான், அவள். அவள் வாய் சும்மா இருக்காது. எனக்குச் சேர்த்து அவள் பேசினாள் என்று அம்மா சொல்லும். எலி நைனாவை எப்படியாவது "நாளைக்கு" என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பந்தயம். அவர் சாயங்காலம் வீட்டைத் தாண்டும்போது வாசலில் நிற்பாள்.

"நைனா, நாளைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"இன்னிக்கு சனிக்கிழமை."

"நாளைக்கு லீவா உனக்கு?"

"போன ஞாயித்துக்கிழமை லீவு."

"போ நைனா! நாளைக்கு நீ எழுந்திரிப்பியா, அதையாவது சொல்லு."

"இன்னிக்கு எழுந்தேன்."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் நின்று முழுதும் கேட்டுவிட்டுப் போவார். மற்ற யார் கேலி செய்தாலும் நிற்க மாட்டார். அவளுக்கு நிற்பார். அவருக்குப் பிள்ளை கிடையாது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி, மொட்டைத் தலை, சந்தன வாசம். நாங்களும் மலை ஏறி இறங்கினோம். கீழே குளத்துப் பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் நெடி. திரும்பினேன்.

"உன் தங்கச்சி படில மூணு எடத்துல உக்காந்துச்சு" என்றார். "போன வருசம் ஒரு எடத்துலயும் உக்காரலை. பாத்தேன்."

"கும்பல் நைனா, மூச்சு முட்டிச்சு" என்றாள் அம்சா.

"முழங்கைல நீலமா கீது."

"கூட்டத்துல எவனோ இடிச்சிருப்பான்."

"ரெண்டு முழங்கைலயும் கீது" என்றார். போய்விட்டார்.

அம்மா அவர் போன பக்கம் பார்த்துத் துப்பினாள். நல்ல நாளும் அதுவுமாக இது என்ன வாய் என்றாள். நான் அன்றைக்குத்தான் அம்சாவைச் சரியாகப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. அவர் பின்னாலிருந்து பார்த்தார்.

ஒரு வாரத்தில் மூக்கில் ரத்தம் வந்தது. நிற்கவில்லை. ஊரில் இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனோம். ரத்தம் ரொம்பக் குறைச்சல், ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். வெளியிலிருந்து வரவழைக்கலாம் என்றார்.

அம்மா குறுக்கே விழுந்தாள்.

"எவன் ரத்தமோ எம்பொண்ணு ஒடம்புல ஏறக் கூடாது சாமி. குடிகாரனோ, இன்னா வியாதிக்காரனோ. நாளைக்கு இவளைக் கட்டிக் குடுக்கணும்."

அம்மா கட்டியது தன் தாய்மாமனை. அம்மாவின் அம்மா கட்டியது அத்தை மகனை. அதற்கு மேலேயும் அப்படித்தான். எங்கள் வீட்டில் வெளியில் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. "எங்க வூட்ல ஓடறது ஒரே ரத்தம்" என்பாள்.

சோதித்துப் பார்த்தார்கள். என் ரத்தம் அவளுக்குச் சேரும் என்றார்கள். கையை நீட்டினேன்.

அன்று மாலை அம்சா கன்னம் சிவந்தது. எழுந்து உட்கார்ந்து, "அண்ணா, உன் ரத்தம் ஏறினதுலேர்ந்து எனக்கும் பேச்சு வரலைடா" என்றாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். தெருவில், அண்ணன் என்றால் இவன்தான் என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நிமிர்ந்துதான் இருந்தது.

வெளியே வந்தபோது எலி நைனா நின்றிருந்தார். ரயிலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"யார் ரத்தம்?" என்றார்.

"என்னுது நைனா."

"கூடப் பொறந்த ரத்தமா?"

"ஆங்."

தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, "பொண்ணு செவந்துச்சு. ஜன்னல்ல பாத்தேன்" என்றார். நடந்துவிட்டார்.

ஏதோ பாராட்ட வந்தார், அவருக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு ஒரு மாதம் நின்றது. பிறகு வெளுத்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடி வெளுத்தது. ஐந்து மாதத்தில் நாலு தடவை கொடுத்தேன். மூன்றாம் தடவை கம்பவுண்டர், இவ்வளவு சீக்கிரம் கூடாது என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அம்மா எனக்கும் அவளுக்கும் சுவரொட்டி வறுத்துப் போட்டாள். ஆட்டு மண்ணீரல் ரத்தம் ஊறுவதற்கு நல்லது. ஒரு நாள் நாங்கள் சாப்பிடும்போது நைனா வந்தார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, ஒரு துண்டு வேணுமா?" என்றாள் அம்சா.

"எலிக்கும் இது கீது" என்றார். "சின்னதா. புளியங்கொட்டையைவிட மெல்லிசா."

"யம்மா! துண்ற நேரத்துல!" அவள் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். பல் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

அப்புறம் ஊர் டாக்டர் கையை விரித்தார். ரத்தம் எங்கேயோ போகவில்லை, ஊறவே இல்லை, பட்டணம் கூட்டிப் போ என்றார். எலி நைனாவின் ஆஸ்பத்திரிக்கே போனோம். அவர்தான் சீட்டு எடுத்தார், வரிசையில் நின்றார், எலி ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மாவிடமே கொண்டு போய் நிறுத்தினார். அந்த அம்மா நோயாளிகளையும் பார்ப்பார்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளே இருப்பதை உறிஞ்சிப் பார்த்தார்கள். அம்சா என் விரலை நசுக்கிவிட்டாள். அது ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. ரத்தம் ஊறுகிற இடம் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை, அது இவளுக்குக் காலி, வெறும் கொழுப்பு நிற்கிறது என்றார் டாக்டரம்மா. முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்டார். ஒரு வருஷம் முன்னால் காய்ச்சல் வந்து ஏதோ சாப்பிட்டாள். பெயர் தெரியாது. எழுதிக்கொண்டார். அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அம்சா அம்மா மடியில் தூங்கினாள். அவரும் நானும் கதவருகே நின்றோம். அன்றைக்குத்தான் அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லாம் பார்த்தது. அதனால் பேச முடிந்தது.

"எலிய ஒரு பொட்டில வச்சு கதிர் வுடுவாங்க. எக்ஸ்ரே மாதிரி. வெளில ஒண்ணும் தெரியாது. ஓடும், தீனி துண்ணும். உள்ள ரத்தம் ஊறுறது நின்னுடும். பத்து பன்னெண்டு நாள்ல கூன் வுழுந்து செத்துடும். நான் தூக்கிப் போடுவேன்."

"அப்புறம்?"

"வேற நல்ல எலியோட தொடை எலும்பை ஒடைச்சு, உள்ள கீறதை எடுத்து, ஒரு சொட்டு அந்த எலி வால்ல ஏத்துவாங்க. அது சாவறதில்லை. வெதை மாதிரி ஒண்ணு கீதுப்பா அதுக்குள்ள. வால்லதான் போடறாங்க. அதுக்கு வழி தெரியுது. எலும்புக்குப் போயி ஒக்காந்துகினு ரத்தத்தை ஊத்துது. செவப்பு, வெள்ளை எல்லாம் அதுலேர்ந்துதான் வருது. அதும் பேரு இன்னும் இன்னான்னு அவங்களுக்குள்ளயே சண்டை. கண்ணால பாத்தவங்க இல்லை."

"வெதை நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு அறுத்துப் பாப்பாங்க. சுவரொட்டி மேல கொப்புளம் கொப்புளமா நிக்கும். ஒரு கொப்புளம்னா ஒரு வெதை. எண்ணுவாங்க. நானும் எண்ணியிருக்கேன்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். மணவூர் தாண்டி வயல். "பொழைச்சுதான்னு பாக்கறதுக்கே அறுக்கணும்."

அவர் ஏன் பார்த்ததை மட்டும் சொல்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலைக்குப் போன புதிதில் ஒரு வரிசைக் கூண்டைப் பார்க்காமலே, எல்லாம் நல்லாருக்கு அம்மா என்று சொல்லிவிட்டார். நேற்று நன்றாக இருந்தது, இன்றும் இருக்கும் என்ற நினைப்பு. டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். அந்த எழுத்தின் மேல் ஒரு வருஷ வேலை கட்டினார். எல்லாம் தப்பாய்ப் போயிற்று. "அவங்க திட்டலை" என்றார். "நோட்டை எங்கையில குடுத்து, நீயே கிழிச்சுப் போடுன்னாங்க. கிழிச்சேன். அதுலேர்ந்து பாக்காததைச் சொல்றதில்லை."

நான் கேட்டேன். "எலிக்குச் செய்றாங்களே நைனா. இவளுக்குச் செய்ய மாட்டாங்களா?"

"நான் பாத்தது எலிப்பா."

"மனுசனுக்கு ஆவாதா?"

"மனுசாள்ல பாத்ததில்லை."

அடுத்த தடவை நானே டாக்டரம்மாவிடம் கேட்டேன். எனக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 

"வெளிநாட்டுல செய்றாங்கப்பா. இங்க நான் செஞ்சதில்லை. கூடப் பிறந்தவங்களோடது பொருந்தினாத்தான் யோசிக்கவே முடியும். நாலு பேர்ல ஒருத்தருக்குப் பொருந்தும். முதல்ல அதைப் பார்ப்போம்."

இரண்டு பேர் ரத்தத்திலும் வெள்ளை அணுவைப் பிரித்து, ஒரே குப்பியில் போட்டு, சூட்டுப் பெட்டியில் ஆறு நாள் வைப்பார்களாம். பொருந்தாவிட்டால் இரண்டும் சண்டை போடும், வீங்கும். பொருந்தினால் சும்மா இருக்கும்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "பொருந்தாம எங்க போவும்? நாங்க இன்னா வெளில சம்பந்தம் பண்ணவங்களா?" என்றாள். ஆராய்ச்சி எலிகூட உறவுக்குள்ளேயே கட்டி வைத்ததுதான் என்று நைனா சொல்லியிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியா, எலிக்கே அப்டித்தான் செய்றாங்களாம். எங்களை மாதிரி."

"எலிக்கு அண்ணன் தங்கச்சியையே சேத்து வப்பாங்க" என்றார் நைனா.

"சீ! போ அந்தண்ட!" என்றாள் அம்மா. அம்சா சிரித்துச் சிரித்து இருமினாள்.

அந்தச் சூட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்வதும் நைனா வேலைதான். அப்போது பட்டணத்தில் கரண்ட் அடிக்கடி போகும். போனால் வெந்நீர்ப் பாட்டில் வைத்துச் சூடு காக்க வேண்டும். ஆறு நாளும் சாயங்காலம் நான் ஸ்டேஷனில் நின்றேன்.

"இன்னிக்கு?"

"பொட்டி சூடா கீது. பாத்தேன்."

அவ்வளவுதான். ஐந்து நாளும் அவ்வளவுதான்.

ஆறாம் நாள் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே இறங்கினார். என் பின்னால் வரவில்லை. நேரே முன்னால் வந்தார்.

"சண்டை போடலை" என்றார். "டாக்டரம்மா பெருசாக் காட்டற கண்ணாடில பாத்தாங்க. என்னையும் பாருன்னாங்க. பாத்தேன். ரெண்டும் சும்மா கீது."

அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். கீழ் வரிசையில் இரண்டு இல்லை. டீக்கடைக்காரர், "நைனா சிரிக்குதுடோய்!" என்று கத்தினார். அம்மா அன்று வாசலில் தேங்காய் உடைத்தாள். அம்சா, "எலிக்கு வால்ல ஏத்துவாங்க, எனக்கு எங்க ஏத்துவாங்க?" என்று தெருவெல்லாம் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். சிரமம் என்றார். உயிருக்கு ஆபத்து உண்டு என்றார். என் மஜ்ஜையை வைப்பதற்கு முன்னால் அம்சா உடம்பில் மிச்சம் ஊறுகிறதையும் மருந்து கொடுத்து அழித்துவிட வேண்டும். அப்புறம்தான் என்னுடையது நிற்கும். தனி அறை வேண்டும், காற்றுகூடச் சுத்தமாக வேண்டும். "ஆனா பொருந்துது. செஞ்சு பார்க்கலாம்னு நினைக்கிறேன்" என்றார். நைனா ஏதோ தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார்.

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டு எழுதினார். வயசு. எடை. அம்மை போட்டதா.

"இதுக்கு முன்னாடி ஊர்ல ரத்தம் ஏத்தினாங்களா?"

"ஆங். நாலு தடவை."

"யாரோட ரத்தம்?"

"என்னுதுதாங்க" என்றேன். "நாலும் என்னுது. வெளியாள் ரத்தம் ஒரு சொட்டு கலக்கலைங்க."

பேனா நின்றுவிட்டது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். இவள் உடம்பு உன் ரத்தத்தை ஏற்கெனவே நாலு தடவை பார்த்துவிட்டது. உனக்கும் அவளுக்கும் எவ்வளவு பொருந்தினாலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். அதை இவள் உடம்பு கற்றுக்கொண்டிருக்கும். இனி உன் மஜ்ஜையை வைத்தால் அடையாளம் கண்டு தள்ளிவிடும். வேறு யார் ரத்தமாக இருந்தாலும் இவ்வளவு மோசம் இல்லை.

"தள்ளினா இன்னொரு தபா வையுங்களேன்" என்றேன்.

"முதல் தடவையே இவளோடது எல்லாத்தையும் அழிச்சிருப்பேனேப்பா. தள்ளிட்டா இவகிட்ட ஒண்ணுமே இருக்காது. இப்ப இருக்கிற கொஞ்ச நாளும் இருக்காது. தெரிஞ்சே அதை நான் செய்ய மாட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "அண்ணன் ரத்தம் எப்படிங்க ஆவாது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் பின்னால் திரும்பி நைனாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

அதற்குப் பிறகு நான் ரத்தம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெளியாள் ரத்தம் ஏற்றினார்கள். யார் யாருடையதோ. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறு வருஷம் கார்த்திகைக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்சா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நைனா தினம் சாயங்காலம் வந்து அவள் பின்னால் நிற்பார். ஒரு நாள் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நைனா, நான் பொழைப்பேனா?"

நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. சொல்லிவிடு என்று நினைத்தேன். ஒரு தடவை பொய் சொல்லிவிடு. உனக்கு என்ன கெட்டுப்போகும்.

"இன்னிக்கு உக்காந்துகினு கீறே" என்றார்.

"மாட்டவே மாட்டேன்ற பாரு!" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். ஈறு வலித்தது போல. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் பெரியது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

மார்கழியில் போனாள். விடிந்து நன்றாக வெயில் வந்தபிறகு. மலையில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. மூக்கு, ஈறு எல்லாவற்றிலும் வந்தது. துணி போதவில்லை. நைனா அன்று ரயில் ஏறவில்லை. பாடையில் ஒரு முனையைப் பிடித்தார்.  அவர் சம்சாரம் சொல்லிற்று, பதினெட்டு வருஷத்தில் அவர் வேலைக்குப் போகாத முதல் நாள் அது.

பிறகு எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. சண்டை இல்லை. பேச ஒன்றும் இல்லை. எதிரே வந்தால் நான் தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார். டீக்கடையில் அவரை யாரும் கேலி செய்வதில்லை. வண்டி வருமா என்று கேட்பதில்லை. அவருக்கு ரிட்டையர் ஆயிற்று. சம்சாரம் போய்ச் சேர்ந்தது. முதுகு வளைந்துவிட்டது. நானே அதைப் பின்னாலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மா அம்சாவுக்கு ஒரு வருஷம் கழித்துப் போனாள். கடைசி வரைக்கும் எனக்குப் பெண் பார்க்கச் சொந்தத்தில்தான் தேடினாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் ஓடியிருக்கும். ஒரு மதியம். ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. ரிட்டையர் ஆகி இவ்வளவு நாள் ஆகியும் அந்த நெடி. தறியை நிறுத்தினேன்.

கையில் துணிப்பை. காலெல்லாம் புழுதி. எங்கோ போய்விட்டு நேரே வந்திருந்தார்.

"மனுசாளுக்கு வச்சிருக்காங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எலும்புல கீறது. வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நம்ம டாக்டரம்மா சொன்னாங்க. கேள்விப்பட்டதை வந்து உங்கிட்ட எப்படிச் சொல்றது? பஸ் புடிச்சுப் போனேன். உள்ள வுடலை. மூணு நாள் வாசல்ல இருந்தேன். நாலாம் நாள் ஒரு நர்சம்மா கூப்புட்டு கண்ணாடி வழியாக் காட்டிச்சு."

"இன்னா காட்டிச்சு?"

"பொண்ணு. மொட்டைத்தலை. நம்ம மலைக்குப் போயிட்டு வந்த மாதிரி. கட்டில்ல உக்காந்துகினு இட்லி துண்ணுது. பாத்தேன்."

"யார் குடுத்தது?"

"அண்ணன்."

பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் என் காதருகே வந்து பேச வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு முன்னாடி ஏத்தினது வெளியாள் ரத்தம். வூட்டு ஆளுங்க ரத்தம் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்களாம். அந்த அண்ணங்கிட்டயே கேட்டேன்."

நான் தறியில் கை வைத்து நின்றேன்.

"எலில பாத்திருந்தேம்பா" என்றார். "எந்த எலியோட ரத்தத்தை முன்னாடி ஏத்தினாங்களோ, அதும் வெதையையே அப்புறம் வச்சா நிக்கலை. தள்ளிடுச்சு. கூண்டு கூண்டாத் தூக்கிப் போட்டவன் நான். நீ மொதல் பாட்டில் குடுத்துட்டு வெளில வந்தப்பவே வாயில வந்துச்சு. மனுசாள்ல பாத்ததில்லையே. அதான் சொல்லலை. ரெண்டாவது குடுத்தே. மூணாவது குடுத்தே. சொல்லலை."

பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். அந்தப் பொருந்தின சாயங்காலம் ஸ்டேஷனில் அவர் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பல் இல்லாத சிரிப்பு. நாலு பாட்டிலையும் தெரிந்துகொண்டுதான் அவர் சிரித்திருக்கிறார். மனுஷனுக்கு அப்படி ஆகாமல் இருக்கலாம் என்று நினைத்திருப்பார். பார்க்காத ஒன்றை அவர் நம்பியது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

நான் ஒன்றுதான் கேட்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பாளா நைனா?"

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். மருந்து இல்லாத காலம், தனி அறை இல்லாத காலம், எப்படியும் போயிருப்பாள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டாக்டரம்மாகூடச் சொல்லியிருப்பார். ஆமாம் என்று சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அதை நான் பாக்கலைப்பா" என்றார்.

என் இடுப்பெலும்பில் அது இன்னும் இருக்கிறது. அவளுக்குப் பொருந்தினது. வேறு யாருக்கும் வேண்டாதது. தினமும் ரத்தம் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு இழை அறுந்திருந்தது. முடிந்தேன். தறியை ஓட்டினேன். அவர் பின்னால் நின்றது தெரியும். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் திரும்பியபோது இல்லை. போனதை நான் பார்க்கவில்லை.